கொங்கண் கரையோரம் காரில்: அலிபாக் முதல் தேரேகோல் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பைக்குத் தெற்கே அலிபாக்கில் தொடங்கி, கோவா எல்லையில் தேரேகோல் கோட்டை வரை மகாராஷ்டிரத்தின் தென்பகுதிக் கடற்கரை நீள்கிறது. கடற்கரை, கோயில், கோட்டை மூன்றும் இத்தனை நெருக்கமாக அமைந்த கரை இந்தியாவில் வேறு இல்லை என்றே சொல்லலாம். தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

தேசிய நெடுஞ்சாலை 66-ஐப் பிடித்துப் போனால் போதாதா?

போதாது. அந்தச் சாலையில் கடலே கண்ணில் படாது. மும்பை–கோவா நெடுஞ்சாலை மலையடிவாரத்தை ஒட்டி உள்நாட்டில் ஓடுகிறது. கடலோரமாகப் போவது ரேவஸ்–ரெடி சாலை எனப்படும் மாநில நெடுஞ்சாலை. அது ஒரே சீரான சாலையும் அல்ல. சில இடங்களில் இருவழி, சில இடங்களில் செம்பாறைக் கல் மதில்களுக்கு நடுவே ஒரு கார் மட்டும் நுழையும் சந்து. குறுக்கே பெரிய கழிமுகங்கள் வரும். பாலம் இல்லாத இடத்தில் வண்டியை ஜங்கார் எனப்படும் தட்டையான படகில் ஏற்றி அக்கரை சேர வேண்டும்.

எத்தனை நாள் வேண்டும்?

ஏழு இரவு இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். நான்கு நாள்தான் இருக்கிறது என்றால் முழுக் கரையையும் ஓடி முடிக்கப் பார்க்காதீர்கள். அலிபாக் முதல் ஹரிஹரேஷ்வர் வரை, அல்லது ரத்னகிரி முதல் மால்வண் வரை, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத் தூரம் 500 கிலோமீட்டரைத் தாண்டும். நம்மூர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது ஒரு நாள் ஓட்டம். இங்கே ஏற்றம், இறக்கம், கொண்டை ஊசி வளைவு, ஊருக்குள் நெரிசல், ஜங்காருக்குக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து மணிக்கு 30 கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல ஓட்டம். நாளுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போட்டால் கோட்டை வாசலில் இருட்டிவிடும்.

இரவுத் தங்கலுக்கு: முருட், ஹரிஹரேஷ்வர், ஹர்ணை அல்லது தாபோலி, குஹாகர், கணபதிபுலே, தேவ்கட், மால்வண். மால்வணில் முடிந்தால் இரண்டு இரவு.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது கடல் நடுவே இருக்கும் கோட்டைகளுக்குப் படகு விட மாட்டார்கள். ஜஞ்சிரா, சுவர்ணதுர்க், சிந்துதுர்க் மூன்றையும் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நம்மூரில் மழை பொழியும் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வானம் தெளிந்திருக்கும். மே மாதத்தில் தேவ்கட் அல்போன்சா மாம்பழம் கிடைக்கும், ஆனால் புழுக்கம் தாங்காது. மும்பை, புணே நகரங்களே அங்கே இறங்கியிருக்கும்.

தவிர்க்க வேண்டிய நாள்கள் மூன்று வகை. விநாயகர் சதுர்த்தி வாரம்: மும்பையில் வேலை பார்க்கும் கொங்கண் மக்கள் அனைவரும் சொந்த ஊர் போவதால் சாலை ஸ்தம்பிக்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அறை கிடைக்காது. செவ்வாய்க்கிழமையில் வரும் சங்கடஹர சதுர்த்தியை அங்கே ‘அங்காரகி’ என்பார்கள். அன்று கணபதிபுலே பக்கமே போக வேண்டாம்.

எல்லோரும் ‘ஓதம் பார்த்துப் போ’ என்கிறார்கள். அவ்வளவு முக்கியமா?

இந்தப் பயணத்தில் வரைபடத்தைவிட முக்கியம். சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் பெரிய நாள்களிலும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் நமக்குக் கடல் ஏறி வற்றும் ஓதம் என்ற ஒன்று நினைவிலேயே இருப்பதில்லை. மும்பைப் பக்கம் பெரிய ஏற்றம் நாலரை மீட்டரையும் தாண்டும். காலையில் கார் நின்ற மணல் மத்தியானம் கடலுக்குள் இருக்கும். கோட்டைக்கு நடந்து போன வழி திரும்பி வரும்போது கழுத்தளவுத் தண்ணீராக இருக்கும்.

கடல் ஏறுவதை அங்கே ‘பர்தி’ என்பார்கள், வற்றுவதை ‘ஓஹோட்டி’. இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கரையில் யாரைக் கேட்டாலும் அன்றைய நேரம் சொல்வார்கள்.

நீங்களே கணக்குப் போடக் கொங்கண் மீனவர்களின் பழைய வாய்பாடு ஒன்று உண்டு: திதி எண்ணை முக்காலால் பெருக்கினால் கடல் முழுதாக ஏறும் மணி வரும். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்கு. பஞ்சமி என்றால் 5 × ¾ = 3¾; ஆக மூன்றே முக்காலுக்கு ஏற்றம். அதிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து, காலை பத்து மணியை ஒட்டி, முழு வற்றம். ஏகாதசிக்கு 11 × ¾ = 8¼; ஏற்றம் எட்டேகால், வற்றம் பிற்பகல் இரண்டேகால். பௌர்ணமி, அமாவாசைக்கு 15 × ¾ = 11¼; வற்றம் மாலை ஐந்தேகால்.

சந்திரன் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்குச் சற்று அதிகமாகத் தாமதித்து உதிப்பதுதான் இதன் சூட்சுமம். வீட்டு நாள்காட்டியில் திதி இருக்கிறது, வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் இது முன்பின் ஒரு மணி நேரம் தவறலாம். பயண நாளைத் தேர்வு செய்ய இதை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கால் வைக்கும் முன் அன்றைய ஓத அட்டவணையைப் பாருங்கள், படகுக்காரரிடமும் கேளுங்கள். கொங்கண் கரைக்கான வாய்பாடு இது. ராமேஸ்வரத்தில் போட்டுப் பார்த்தால் சரிவராது.

அப்படியானால் எந்தத் திதியில் பயணத்தைத் தொடங்குவது?

அலிபாக்கில் கொலாபா கோட்டைக்குக் கடலின் தரையிலேயே நடந்து போகலாம். மராட்டியக் கடற்படைத் தளபதி கன்ஹோஜி ஆங்கிரேயின் தலைமையிடம் அது. உள்ளே ஒரு கணபதி கோயிலும், கடல் நடுவே இருந்தும் உப்புக் கரிக்காத கிணறும் உண்டு. நடந்து போக வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தில் வற்றம் வர வேண்டும், அது நன்றாகவும் வற்ற வேண்டும்.

அஷ்டமியில் ஏற்றம் ஆறு மணி, வற்றம் நடுப்பகல். நேரம் அருமையாகத் தோன்றும். ஆனால் அஷ்டமியை ஒட்டிய நாள்களில் கடல் அதிகம் ஏறுவதும் இல்லை, அதிகம் வற்றுவதும் இல்லை. முழங்கால் தண்ணீர் நின்றுவிடும். பௌர்ணமி, அமாவாசையில் நன்றாக வற்றும், ஆனால் விடியும் முன்னும் மாலையிலும்தான். மாலையில் போனால் பார்த்து முடிப்பதற்குள் இருட்டும். இரண்டுக்கும் நடுவே திரிதியை முதல் பஞ்சமி வரை காலை நேரமும், ஏகாதசி முதல் திரயோதசி வரை பிற்பகலும் பொருந்தி வரும்.

வற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையிலிருந்து கிளம்புங்கள். உச்சம் கடந்து ஒரு மணிக்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். நடுவே குதிரை வண்டிக்காரர்கள் ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்பார்கள். நேரம் தப்பினால் அவர்கள் வண்டியில்தான் திரும்ப வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இதே கணக்கு ஹரிஹரேஷ்வரிலும் வேண்டும். அங்கே கோயிலுக்குப் பின்னால் குன்றைச் சுற்றிப் பிரதட்சிணம் உண்டு. படியிறங்கிக் கடல் அரித்த பாறைகள் மேல் நடக்க வேண்டும். ஏற்ற நேரத்தில் அலை பாறையைத் துடைத்து எடுத்துப்போகும், ஆளையும் சேர்த்து. கடல் ஏறத் தொடங்கிவிட்டால் சன்னிதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புண்ணியம் ஒன்றும் குறையாது.

நேர்மாறாக, ஏற்ற நேரத்தில் பார்க்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு: குஹாகருக்குத் தெற்கே ஹேத்வியில் ‘பாமண்கள்’ என்ற குறுகிய பாறைப் பிளவு. ஏற்றத்தின்போது அலை உள்ளே புகுந்து மேல்நோக்கிச் சீறும். வற்றத்தில் போனால் வெறும் பள்ளம். விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

ஜங்கார் எங்கெங்கே வரும்?

வடக்கிலிருந்து தெற்காக: அகர்தாண்டா–திகி, பாக்மாண்ட்லா–வேஷ்வி, தாபோள்–தோபாவே, தவ்சாள்–ஜய்கட். இதற்கெல்லாம் முன்னால், மும்பை பாவூச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு, காரோடு ஏறி இறங்கும் பெரிய ரோ-ரோ கப்பல் உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நகர நெரிசலைத் தாண்டிவிடலாம். அதற்கு முன்பதிவு வேண்டும், கட்டணமும் அதிகம். மற்ற நான்கும் சிறியவை. நேரே துறைக்குப் போய்ச் சீட்டு வாங்கலாம், காருக்குச் சில நூறு ரூபாய். ரத்னகிரிக்குத் தெற்கே பாலங்கள் இருக்கின்றன. வடக்கிலும் புதுப் பாலங்களுக்கு வேலை நடக்கிறது. கிளம்பும் முன் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பெயர்க் குழப்பம்: தாபோலி என்பது மலைமேல் இருக்கும் ஊர். தாபோள் என்பது ஜங்கார் துறை. இரண்டுக்கும் இடையே 25 கிலோமீட்டருக்கு மேல். வழி கேட்கும்போது ‘தாபோள் ஜெட்டி’ என்றே கேளுங்கள்.

ஜங்காரில் காரை ஏற்றுவது கடினமா?

முதல்முறை பயமாக இருக்கும், அவ்வளவுதான். ஓட்டுநர் தவிர மற்றவர்களை இறக்கிவிடுங்கள். கடல் வற்றியிருக்கும்போது துறைச் சரிவு செங்குத்தாகவும் பாசி பிடித்தும் இருக்கும். அப்போதுதான் முன் பம்பர் தட்டும். நேராக இறக்காமல் சற்றே கோணலாக, முதல் கியரில், கிளட்சை மிதித்து விளையாடாமல் ஒரே சீராக ஏற்றுங்கள். பாதியில் நிறுத்தினால் சக்கரம் வழுக்கும். சில துறைகளில் பின்பக்கமாக ஏற்றச் சொல்வார்கள், அல்லது ஏறியபின் பின்பக்கமாக இறங்க நேரும். ஆள் நின்று கைகாட்டுவார். கண்ணாடியைப் பார்த்து அவர் சொல்படி செய்தால் போதும். ஏறியதும் கை பிரேக், முதல் கியர், எஞ்சின் நிறுத்தம்.

கடைசி ஜங்கார் எத்தனை மணிக்கு என்பதை முந்தின இரவே விடுதியில் கேளுங்கள். தவறவிட்டால் கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு மலைச்சாலையில் இரவில் ஓட்ட வேண்டியிருக்கும்.

கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தை நம்பலாமா?

ஜங்கார் விஷயத்தில் நம்ப வேண்டாம். ‘படகுகளைத் தவிர்’ என்ற அமைப்பு அணையாமல் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் அக்கரைக்கு நெடுஞ்சாலை வரை போய் வரச் சொல்லும். அணைத்திருந்தால் ஜங்கார் உடனே கிளம்பும் என்று எண்ணிக் கணக்குப் போடும். ஒவ்வொரு கழிமுகத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மலை மடிப்புகளில் சிக்னல் அறுந்துபோவதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

எல்லாக் கோட்டைகளையும் பார்க்க முடியாது. எதை விடலாம்?

மூன்றே மூன்று என்றால் கொலாபா, விஜய்துர்க், சிந்துதுர்க்.

பலர் ஜஞ்சிராவுக்கு முதலிடம் தருவார்கள். ஆப்பிரிக்க வழிவந்த சித்திகள் ஆண்ட கோட்டை. மராட்டியர் பலமுறை முயன்றும் கைப்பற்ற முடியாதது. கிட்டே போகும் வரை வாசல் எங்கே என்றே தெரியாத அமைப்பு அதிசயம்தான். ஆனால் ராஜ்புரியிலிருந்து பாய்மரப் படகில் போய் இறங்கினால் பெரும்பாலும் முக்கால் மணி நேரம்தான் தருவார்கள். சனி, ஞாயிறுகளில் படகுக்கு வரிசை நிற்கும். வார நாளில், காலை முதல் படகில் போக முடிந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விஜய்துர்க்குக்குப் படகே வேண்டாம். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் தரை. மூன்றடுக்கு மதில். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், கூட்டமும் இருக்காது. 1868-ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தின்போது ஹீலியம் இங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு மேடையைக் காட்டுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், பரீட்சையில் எழுதாதீர்கள். அந்தக் கிரகணத்தைப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் பார்த்தது ஆந்திரத்தின் குண்டூரில். கண்டுபிடிப்பில் பேர் சொல்லப்படும் இன்னொருவரான ஆங்கில வானியலாளர் லாக்யர் அந்த ஆண்டு ஆராய்ந்தது இங்கிலாந்திலிருந்து.

சிந்துதுர்க் 1664-இல் சிவாஜி கட்டத் தொடங்கியது. மால்வண் துறையிலிருந்து படகு சில நிமிடம்தான். உள்ளே சிவாஜிக்கே ஒரு கோயில் இருக்கிறது, அவர் மகன் ராஜாராம் எழுப்பியது. செஞ்சிக் கோட்டையில் முற்றுகைக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்தாரே, அதே ராஜாராம். பால், தயிர், சர்க்கரை என்று பெயரிட்ட மூன்று நன்னீர்க் கிணறுகளையும் பாருங்கள். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. சிந்துதுர்க், விஜய்துர்க், சுவர்ணதுர்க், காந்தேரி நான்கும் இந்தக் கரையில் உள்ளவை.

நேரம் மிஞ்சினால் ரேவ்தண்டாவைத் தாண்டிக் கோர்லாய் கோட்டைக்குப் போகலாம். போர்த்துகீசியர் போய் நூற்றாண்டுகள் ஆகியும், கீழே ஊரில் போர்த்துகீசியம் கலந்த ஒரு மொழியை இன்னும் பேசுகிறார்கள்.

கோயில்களில் நடை எப்போது சாத்துவார்கள்?

நம்மூர் போல மத்தியானம் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும் வழக்கம் இங்கே பெரும்பாலும் இல்லை. இது பெரிய வசதி. நடுப்பகலைக் கோயிலுக்கும் காலை மாலைகளைக் கோட்டைக்கும் ஒதுக்கலாம். வேட்டி கட்டாயமில்லை, சட்டை கழற்ற வேண்டியதில்லை. அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம். கோபுரத்தைத் தேடாதீர்கள். ஓட்டுக் கூரை, முன்னே கல்லால் ஆன தீபமாலைத் தூண், ஒரு துளசி மாடம்: அதுதான் கொங்கண் கோயில்.

கணபதிபுலேயில் குன்றே பிள்ளையார் என்பதால் குன்றையே சுற்றி வர வேண்டும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், நல்ல நடைபாதை. ஆஞ்சர்லேயில் குன்றின்மேல் இருக்கும் கணபதி கோயிலிலிருந்து சுவர்ணதுர்க் கோட்டையும் தென்னந்தோப்பும் ஒரே பார்வையில் தெரியும். தேவ்கட் அருகே குண்கேஷ்வர் சிவன் கோயில் மணலின் ஓரத்திலேயே நிற்கிறது.

சொந்தக் காரா, வாடகைக் காரா? எந்தத் திசையில் போவது?

சொந்தக் காரில் போகிறவர்கள் பெங்களூரு, ஹூப்பள்ளி, பெலகாவி வழியாக ஆம்போலி மலைப்பாதையில் சாவந்த்வாடிக்கு இறங்கலாம். சென்னையிலிருந்து 900 கிலோமீட்டருக்கு மேல். ஹூப்பள்ளிப் பக்கம் ஓர் இரவு தங்குங்கள். அங்கிருந்து வடக்கு நோக்கிப் போவதில் இரண்டு லாபம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் கடல் நம் பக்கத்திலேயே வரும். நினைத்த இடத்தில் ஓரம் கட்டலாம். பிற்பகல் வெயிலும் ஓட்டுநர் முகத்தில் அடிக்காது. தெற்கு நோக்கி வந்தால் மூன்று மணிக்குமேல் வலக்கை வெந்துவிடும்.

மும்பையில் வாடகைக்கு எடுத்தால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள காராக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகைத் தனியார் காரை வாடகைக்கு எடுத்தால் சோதனையிலும் காப்பீட்டிலும் மாட்டிக்கொள்வீர்கள். கோவாவில் விட்டுச்செல்லலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய கார் வேண்டாம். ஊர்ச் சந்துகளில் எதிரே பேருந்து வந்தால் பின்னோக்கி எடுக்க வேண்டியது நீங்கள்தான். தரையிலிருந்து சற்று உயரமான சிறு கார் போதும். பெட்ரோல் நிலையங்கள் தாலுகா ஊர்களில்தான் இருக்கும்; பாதித் தொட்டி ஆனதும் நிரப்புங்கள். ஜங்கார், படகு இரண்டுக்கும் சில்லறையாக ரொக்கம் வையுங்கள். சிக்னல் இல்லாத துறையில் யுபிஐ கைகொடுக்காது.

கடற்கரை மணல் கெட்டியாக இருக்கிறதே, காரை இறக்கலாமா?

வேண்டாம். மணலில் வண்டி ஓட்டினால் போலீஸ் வழக்குப் போடும், ஆமை முட்டையிடும் கரைகளும் நசுங்கும். மேல்தோல் கெட்டியாக இருந்தாலும் கழிமுகம் அருகே கீழே சேறு. புதைந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அச்சு வரை இறங்கும். அதற்குள் கடல் ஏறத் தொடங்கும்.

தவறிப் புதைந்துவிட்டால்: எஞ்சினை முறுக்காதீர்கள். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைத் தோண்டுங்கள். டயர் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். பலகையோ கால்மிதியோ சக்கரத்தடியில் செருகி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெல்ல எடுங்கள். இரண்டு முயற்சியில் வரவில்லையென்றால் டிராக்டரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது முயற்சிக்குக் கடல் நேரம் தராது. மீண்டபின் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லையேல் துரு.

எங்கே குளிக்கலாம்?

காஷித், கணபதிபுலே இரண்டும் அழகான கரைகள், ஆள் விழுங்கும் கரைகளும்கூட. தரை சட்டென்று ஆழமாகும், அடிநீர் இழுக்கும். கடல் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இழுப்பு அதிகம். எந்தக் கரையிலும் இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். உள்ளூர்க்காரர் எவரும் குளிக்காத இடத்தில் நீங்களும் இறங்க வேண்டாம். குழந்தைகளுக்கு மால்வண் அருகே தார்கர்லியில் கரை சற்று நிதானமானது. அங்கும் கண்காணிப்பு வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? தங்குவது எங்கே?

தாராளமாக. குஹாகர், ஸ்ரீவர்தன், திவேஆகர் ஊர்களில் வீட்டோடு சேர்ந்த ‘கர்குதி’ உணவகங்களில் சைவச் சாப்பாடு பிரமாதம். ஒரு நிபந்தனை: காலையிலேயே எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும். பசித்த பின் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும். ‘உகடிச்சே மோதக்’ என்பது நம் பூரணக் கொழுக்கட்டைதான், மாவு இன்னும் மெல்லிசு, மேலே நெய். அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கோகம் பழமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த இளஞ்சிவப்பு ‘சோல்கடி’ சாப்பாட்டின் கடைசியில் வரும். நம் ரசத்தின் இடம் அதற்கு. மீன் சாப்பிடுகிறவர்கள் மால்வணில் பசியோடு இறங்குங்கள். ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் மீன்பிடித் தடை என்பதால் நல்ல மீன் அரிது.

காலையில் காந்தா போஹாவும் (வெங்காயம் போட்ட அவல்) தேநீரும். ஃபில்டர் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் டிகாக்‌ஷன் கையோடு கொண்டுபோங்கள்.

பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை போனால் பாங்கோட் அருகே வேளாஸ் கிராமத்தில் ஒரு இரவு தங்குங்கள். பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரித்துவந்தால் காலையிலும் மாலையிலும் கடலில் விடுவார்கள்.

ரத்னகிரியில் திபா அரண்மனை பார்க்க வேண்டியதுதானா?

ஒரு மணி நேரம் இருந்தால் பாருங்கள். 1885-இல் ஆங்கிலேயர் பதவியிறக்கிய பர்மா மன்னர் திபா, முதலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு இங்கே சிறைவைக்கப்பட்டார். அரண்மனை கட்டி முடிந்தது 1910-இல். 1916-இல் அவர் இங்கேயே இறந்தார். திங்கட்கிழமை விடுமுறை.

நடுவில் உடம்பு முடியாமல் போனால் எப்படி வெளியேறுவது?

ஒவ்வொரு கடலோர ஊரிலிருந்தும் கிழக்கே நெடுஞ்சாலை 66-க்கு ஒரு சாலை ஏறும். முருடிலிருந்து ரோஹா வழியாகக் கோலாட், தாபோலியிலிருந்து கேட், குஹாகரிலிருந்து சிப்ளுண், விஜய்துர்க்கிலிருந்து தளேரே, தேவ்கட்டிலிருந்து நாந்த்காவ், மால்வணிலிருந்து கசால். பெரிய மருத்துவமனைக்கு ரத்னகிரி அல்லது சிப்ளுண் பக்கம் போங்கள். ரோஹா, சிப்ளுண், ரத்னகிரி, குடாள், சாவந்த்வாடியில் கொங்கண் ரயில் நிலையங்கள் உண்டு. முதியவர்களை மட்டும் ரயிலேற்றிவிட்டு மற்றவர்கள் காரைத் தொடரலாம். கழிமுகத்துக்கு வடகரையில் இருக்கும்போது அவசரம் வந்தால் ஜங்காருக்குக் காத்திருக்காதீர்கள். நேரே கிழக்கே ஏறுங்கள்.